அசையாத முள்

இயற்பியல் செய்முறை வகுப்பில் ஆண்டுதோறும் தவறாமல் என் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. வீட்ஸ்டன் சமனச் சுற்றைக் கம்பிகளால் இணைத்துவிட்டுச் சாவியை அழுத்திப் பார்க்கும் மாணவர், "சார், முள் அசையவில்லை, கரண்ட் வரவில்லை" என்பார். கால்வனாமீட்டரின் முள் சுழியில்தான் நிற்கிறது. ஆனால் அதைக்கொண்டு மின்னோட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது. முள் அசையாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, மின்கலம் வலுவிழந்து போயிருக்கலாம். இரண்டாவது, சுற்றின் நான்கு கைகளிலும் மின்னோட்டம் நன்றாகவே ஓடியும், முள் இணைக்கப்பட்ட இரு புள்ளிகளின் மின்னழுத்தங்களும் சமமாக இருக்கலாம். மூன்றாவது, எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கலாம். முள் காட்டும் எண் ஒன்றுதான். அதன் பொருள் மூன்று. எது உண்மை என்பதை முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அறிய முடியாது; சுற்றைச் சோதிக்க வேண்டும்.

இந்த எளிய பாடம், சென்ற விடுமுறையில் சொந்த ஊரான பரளச்சிக்கு எடுத்துச் சென்று படித்த ஒரு நூலை மதிப்பிட எனக்குப் பெரிதும் உதவிற்று. நூல் இயற்பியல் பற்றியதன்று, தேர்தல் பற்றியது. 2019-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. தாட் டன்னிங், கை கிராஸ்மன், மக்கார்ட்டன் ஹம்ஃப்ரீஸ், சூசன் ஹைட், கிரெய்க் மெக்கின்டாஷ், கேரத் நெல்லிஸ் ஆகிய அறுவர் அதன் பதிப்பாசிரியர்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தகவல், பொறுப்புடைமை, திரண்டு சேரும் அறிவு' என்று வரும்.

ஆராய்ச்சியின் கேள்வி

பொறுப்புடைமை என்றால் என்ன? பதவியில் இருப்பவர் தாம் செய்ததற்கும் செய்யாததற்கும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல். அக்கடமையை நிறைவேற்றும் கருவியாகத் தேர்தலைக் கருதுகிறோம். வேலையைப் பார்த்துக் கூலி கொடுப்பதுபோல, ஆட்சியைப் பார்த்து மக்கள் வாக்களிப்பார்கள். நன்றாகச் செய்தவர் மீண்டும் வருவார், செய்யாதவர் வீட்டுக்குப் போவார். இது கொள்கை.

அப்படியானால் வளரும் நாடுகளில் மோசமான ஆட்சியாளர்கள் மீண்டும் மீண்டும் வெற்றி பெறுவது ஏன்? 'வாக்காளருக்குப் போதிய தகவல் இல்லை' என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விடை. உறுப்பினர் எத்தனை நாள் அவைக்குச் சென்றார், ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாயிற்று என்பன மக்களுக்குத் தெரிந்தால் அவர்கள் வேறுவிதமாக வாக்களிப்பார்கள் என்பது இக்கருத்து. உலகெங்கும் அறக்கட்டளைகள் இதை நம்பிப் பெரும் பொருள் செலவிட்டுள்ளன.

இந்த நம்பிக்கையைத்தான் மேற்படி ஆராய்ச்சியாளர்கள் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஆறு நாடுகளில் ஏழு சோதனைகள் திட்டமிடப்பட்டன. இந்தியாவில் நடைபெற இருந்த சோதனை நிறைவேறவில்லை. பெனின், பிரேசில், புர்க்கினா ஃபாசோ, மெக்சிகோ ஆகிய நாடுகளில் ஒவ்வொன்றும், உகாண்டாவில் இரண்டுமாக ஆறு சோதனைகள் நடந்தேறின. குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, அவர்களுடைய பிரதிநிதியைப் பற்றிய தகவலைத் தேர்தலுக்கு முன் அளிப்பது; மற்றவர்களுக்கு அளிக்காமல் விடுவது; பிறகு இரு சாராரின் வாக்குகளையும் ஒப்பிடுவது. மருந்துச் சோதனைகளில் கையாளப்படும் அதே முறைதான். குலுக்கிப் பிரிப்பதால் இரு குழுக்களும் மற்ற எல்லா வகையிலும் ஏறத்தாழ ஒத்திருக்கும். வேறுபாடு தோன்றினால் அது தகவலால் வந்ததென்று கொள்ளலாம்.

விளைவு? முள் அசையவில்லை. தகவல் பெற்றவர்களும் பெறாதவர்களும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், ஒரே மாதிரிதான் வாக்களித்தார்கள்.

சுழியைச் சொல்லும் துணிவு

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் ஈதரைத் தேடி நடத்திய சோதனையும் சுழியில்தான் முடிந்தது. அந்தச் சுழியை மறைக்காமல் வெளியிட்டதால் இயற்பியல் வளர்ந்தது. சமூக ஆராய்ச்சியில் இத்துணிவு அரிது. 'பயன் உண்டு' என்று கூறும் கட்டுரைகள் அச்சேறுகின்றன. 'பயன் காணவில்லை' என்பவை மேசை இழுப்பறையில் உறங்குகின்றன. இந்நூலின் ஆசிரியர்களோ, முடிவுகளைப் பார்க்கும் முன்னரே, எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்று எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். விடை தெரிந்த பின் கேள்வியை மாற்றிக்கொள்ள வழி வைக்கவில்லை. செய்முறைக் குறிப்பேட்டில் விடைக்கேற்ப அளவீடுகளைத் 'திருத்தும்' நம் மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது. நூலின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. என் வாதம் முழுவதும், அந்தச் சுழிக்கு என்ன பொருள் என்பதைப் பற்றியதே.

மின்கலம் போதுமா?

முதற் காரணத்தைப் பார்ப்போம். செலுத்திய தகவல் முள்ளை அசைக்கும் அளவு வலுவுள்ளதா?

இச்சோதனைகளில் துண்டறிக்கை, கைப்பேசிச் செய்தி, காணொளி போன்றவற்றின் வழியே, பெரும்பாலும் தனித்தனி ஆட்களிடம், தேர்தல் நெருங்கிய வேளையில் தகவல் சேர்க்கப்பட்டது. இதற்கு மாறான ஓர் ஆய்வு பிரேசிலில் நடந்தது. அந்நாட்டு அரசு 2003 முதல், நகராட்சிகளைக் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுத்து அவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்து முடிவுகளை வெளியிட்டு வந்தது. 2004 தேர்தலுக்கு முன் தணிக்கை வெளியான ஊர்களையும், பின்னர் வெளியான ஊர்களையும் கிளாடியோ ஃபெராஸ், ஃபிரெடெரிகோ ஃபினன் என்ற இருவர் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். ஊழல் அம்பலமான மேயர்கள் வாக்கு இழந்திருந்தார்கள். உள்ளூர் வானொலி நிலையம் இருந்த ஊர்களில் அவ்விழப்பு மிகுதியாக இருந்தது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. திமோதி பெஸ்லியும் ராபின் பர்ஜஸும் 1958 முதல் 1992 வரையிலான இந்திய மாநிலங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். விளைச்சல் பொய்த்தபோதும் வெள்ளம் சேதப்படுத்தியபோதும், செய்தித்தாள் விற்பனை மிகுந்த மாநிலங்களின் அரசுகள் கூடுதலாக உதவி செய்திருந்தன. அவ்விளைவைத் தோற்றுவித்தவை ஆங்கிலத் தாள்களல்ல. மாநில மொழித் தாள்களே. தேநீர்க் கடை விசுப்பலகையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் தமிழ்த் தாளின் ஆற்றல் இதுதான்.

கையில் இரகசியமாகக் கிடைக்கும் சீட்டுக்கும், ஊரே கேட்கும் செய்திக்கும் வேறுபாடு உண்டு. 'எனக்குத் தெரியும்' என்பது போதாது. 'எனக்குத் தெரியும் என்று மற்றவர்களுக்கும் தெரியும்' என்ற நிலை வரும்போதுதான் ஒருவர் துணிந்து எழுந்து கேட்கிறார். ஆகவே நூலின் சுழி, 'தகவலால் பயனில்லை' என்று சொல்லவில்லை. 'இந்த அளவு, இந்த வழியில் கொடுத்த தகவலால் பயன் காணப்படவில்லை' என்றே சொல்கிறது. ஆசிரியர்களும் இதை மறுக்கமாட்டார்கள்.

சமனான சுற்று

இரண்டாம் காரணம் இன்னும் ஆழமானது. எதிரெதிர் விசைகள் சமன்பட்டு முள் நிற்கும் நிலை அது.

இதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி, 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான ஊராட்சித் தலைவர் இல்லை. வேட்புமனு செய்ய ஆள் வராது. வந்தால், ஆதிக்கச் சாதியினர் நிறுத்தும் ஒருவர் வென்று சில நாட்களில் பதவி விலகிவிடுவார். மேலவளவில் துணிந்து தலைவரான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

அந்தப் பத்தாண்டுகளில் எந்த வாக்காளருக்கு எந்தத் தகவல் தெரியாமல் இருந்தது? எல்லாருக்கும் எல்லாம் தெரியும். துண்டறிக்கை கொடுத்திருந்தால் முள் இம்மியும் அசைந்திராது. அதைக் கண்டு 'இவ்வூர் மக்கள் ஆட்சியைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்' என்று ஓர் ஆய்வாளர் எழுதியிருந்தால் அது எவ்வளவு பெரிய பிழை! அச்சமும் விருப்பமும் எதிரெதிரே நின்று சமன்பட்ட சுற்று அது. நிலையை மாற்றியவை மாவட்ட நிர்வாகத்தின் விடாமுயற்சி, அரசியல் இயக்கங்களின் நெருக்குதல், ஊர் மக்களோடு நடத்திய பேச்சு ஆகியவை; அதாவது எதிர்விசையைக் குறைத்த செயல்கள்.

விசைகள் ஊருக்கு ஊர் மாறுவதால் விடையும் மாறும். ராகவேந்திர சட்டோபாத்தியாயவும், 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டூஃப்ளோவும், மேற்கு வங்கம், இராஜஸ்தான் மாநிலங்களில் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், குடிநீர் போன்ற பெண்களின் தேவைகளுக்கு ஏற்ற பணிகள் கூடுதலாக நடந்திருந்தன. 2008-இல் ராடு பானும் விஜயேந்திர ராவும் தென் மாநிலங்களில் இதே கேள்வியைக் கேட்டபோது அந்த விடை கிடைக்கவில்லை. பெண் தலைவருக்கு அரசியல் அனுபவம் இருந்த இடங்களிலும், மேல்சாதி ஆதிக்கம் குறைந்த ஊர்களிலும்தான் அவர் சிறப்பாகச் செயற்பட்டார்.

புவியீர்ப்பு முடுக்கம் பரளச்சியில் ஏறத்தாழ 9.78, பாரிசில் 9.81. எங்கே அளந்தாலும் கல் கீழேதான் விழும். வாக்குச் சீட்டு அப்படிப்பட்டதன்று. ஓரிடத்து விடையை உலகுக்கெல்லாம் விதியாக்கும் அவசரம் இத்துறையில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஒரே சோதனையைப் பல நாடுகளில் நடத்திய வகையில் நம் நூல் அதற்கு நல்ல மருந்து. பல நாட்டு விடைகளைச் சேர்த்து ஒரே சராசரியாக்கும்போது அந்த மருந்தின் வீரியம் சற்றுக் குறைகிறது.

அறுந்த கம்பி

மூன்றாம் காரணமே எனக்கு முதன்மையானது. அதை எனக்குக் கற்பித்தவர் பேராசிரியர் ஒருவரும் அல்லர்; பக்கத்துச் சிற்றூரில் மிளகாயும் பருத்தியும் பயிரிடும் ஒரு முதியவர். நூலில் படித்ததை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கம்மா மடை ஒடஞ்சு நாலு வருசமாச்சு தம்பி. ஓட்டுக் கேட்டு வந்தவுக அத்தன பேரும், 'அது நம்ம கையில இல்ல பெரியய்யா'ன்னுதான் சொல்றாக. அப்ப அது யாரு கையில இருக்கு? அதச் சொன்னா ஓட்ட நா சரியாப் போடுவேன்."

அவர் கேள்வியைச் சற்று ஆராய்வோம். தமிழ்நாட்டுச் சிற்றூர் வாக்காளருக்குப் பிரதிநிதிகள் ஆறு பேர்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர். கண்மாயோ, ஆயக்கட்டு 40 எக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் மாநில நீர்வளத் துறையைச் சேரும். குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுமானால் வருவாய்த் துறை வர வேண்டும். வரத்துக் கால்வாய் நான்கு ஊர்களைக் கடந்து வரும். உள்ளே மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்ட ஏலம் விட வேண்டும். அதற்குத் தனி நடைமுறை.

கண்மாயில் நீர் இல்லை என்பது ஒரே ஓர் அளவீடு. அதற்குக் காரணமாகக் கூடியவர்கள் ஆறு பேர். பொய்த்த மழையையும் சேர்த்தால் ஏழு. ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஏழு அறியாக் கணியங்களைக் காண எந்தக் கணித ஆசிரியராலும் இயலாது. இதைத்தான் அந்த முதியவரிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கிறோம். இயலாதபோது அவருக்கு 'விழிப்புணர்வு' போதாது என்கிறோம்.

கம்பி இதைவிட வெளிப்படையாக அறுந்த காலமும் உண்டு. உள்ளாட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-உ பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாதம் 4-ஆம் நாள் இரத்து செய்தது. அதன்பின் தேர்தல் வர மூன்றாண்டுக்கு மேலாயிற்று. விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடையே தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோதும் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இரு வேளைகளிலும் கோட்டையில் இருந்தவை வெவ்வேறு கட்சிகள். ஆகவே இது ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் முடிந்துவிடவில்லை. இங்கே எழும் கேள்வி வேறு: தேர்தல் நடத்தாமைக்கு யாரை, எந்தத் தேர்தலில் வாக்காளர் தண்டிப்பது? நான் மேலே குறிப்பிட்ட ஆய்வுகள் யாவும் தேர்தல் நடந்தே தீரும் என்ற எடுகோளிலிருந்துதான் தொடங்குகின்றன. வாக்காளர் என்னும் முள்ளை நுட்பமாகச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அம்முள்ளுக்கும் ஆட்சிக்கும் இடையேயுள்ள கம்பியை இணைந்தேயிருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். இதுவே இந்நூலின்மேல் நான் வைக்கும் முதன்மையான குறை. குறை கணக்கில் இல்லை. எதைக் கணக்கில் எடுப்பது என்ற தேர்வில் இருக்கிறது.

அதன் விளைவு சிறிதன்று. 'தகவல் கொடுத்தும் மக்கள் மாறவில்லை' என்ற முடிவைப் படிக்கும் அதிகாரி ஒருவர், இனித் தகவல் எதற்கு என்று கேட்கக்கூடும். பதில் சொல்ல வேண்டியவர் தப்பித்துக்கொள்ள, கேள்வி கேட்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவார்.

பிரேசில் தணிக்கை இங்கும் வழி காட்டுகிறது. அதே ஃபெராஸும் ஃபினனும், எரிக் அவிஸ் என்பவரோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருமுறை தணிக்கை கண்ட நகராட்சிகளில் பிற்கால ஊழல் 8 விழுக்காடு குறைந்தது; சட்ட நடவடிக்கைக்கான வாய்ப்பும் உயர்ந்தது. அதற்கு வாக்கின் மேலுள்ள அச்சத்தைக் காட்டிலும் சட்டத்தின் மேலுள்ள அச்சமே பெரிய காரணம் என்று அவர்கள் கருதினார்கள். முழுச் சுமையையும் வாக்காளர் தலையில் ஏற்றாமல், கம்பியை வேறிடத்திலும் இணைத்ததன் பயன் அது.

நாம் செய்யக்கூடியது

முள் அசையாதபோது என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முறை எளிது. ஒரு சிறு மின்விளக்கை எடுத்துக்கொள். ஒவ்வொரு கம்பியாகச் சோதி. எங்கே விளக்கு எரியவில்லையோ அங்கே அறுந்திருக்கிறது. இதை ஊரிலும் செய்யலாம். மாணவர்கள் ஒரு விடுமுறைத் திட்டமாகவே மேற்கொள்ளலாம்.

உங்கள் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு எவ்வளவு, அது நீர்வளத் துறையினுடையதா, ஒன்றியத்தினுடையதா என்று முதலில் அறியுங்கள். கடைசியாக அதற்கு எந்த ஆண்டு, எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு செலவிடப்பட்டது என்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதற்குக் கட்டணம் 10 ரூபாய். கிடைத்த விடையைத் துண்டறிக்கையாக்கி வீடு வீடாகப் போடவேண்டாம். கிராம சபையில் உரக்கப் படியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022-இல் வந்த அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் அதற்குரியவை. 'இந்த மடை இன்னாருடைய பொறுப்பு' என்ற ஒரு வரி ஊரறியப் பதிவாகிவிட்டால், ஏழு அறியாக் கணியங்களில் பல நீங்கிவிடும். அதன்பின் வாக்காளர் எப்படி வாக்களிக்கிறார் என்று ஆராய்ந்து பார்ப்பதே முறையான சோதனை.

இந்நூலை ஆங்கிலம் அறிந்த மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சோதனையை எப்படி நடத்துவது என்பதை அதிலிருந்து கற்கலாம். எதைச் சோதிப்பது என்பதை மட்டும் மடை உடைந்த கண்மாய்க் கரையில் நின்று முடிவு செய்யுங்கள். "அப்ப அது யாரு கையில இருக்கு?" என்ற கேள்விக்கு அந்தப் பெரியவருக்கு என்னால் அன்று விடை சொல்ல இயலவில்லை. ஊருக்குத் திரும்பு முன் அக்கண்மாயின் பெயரையும் மடை எண்ணையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டிய மனு ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.